வெளிச்ச மீட்டரும் சிவப்புக் கோடும்

எங்கள் வீட்டு வெளிச்ச மீட்டரைக் கெடுத்தவள் நான்தான் என்பது போடி பஜாரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏலக்காய்க் கடைக்காரர்கள், ஜீப்பு ஓட்டுகிறவர்கள், சிலமலையில் இருக்கிற சித்தி வீட்டார் வரைக்கும் செய்தி போயிருக்கிறது. என் அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். "நல்லா இருந்த மீட்டர, படிச்சிருக்கோம்னு கையில வாங்கி நோண்டிட்டா" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. நான் அதை நோண்டவில்லை, பழுது பார்த்தேன். நான் கை வைத்த நாளிலிருந்து அது சரியாகத்தான் காட்டுகிறது. அது சரியாகக் காட்டியதால்தான் என் தோட்டம் போனது. இதை வாயால் சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

மீட்டர் என்றால் கரண்டு மீட்டர் இல்லை. போட்டோ எடுக்கிறவர்கள் அந்தக் காலத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து பார்க்கக் கையில் வைத்திருந்த சின்னக் கருவி. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். முகப்பில் ஒரு கண்ணாடி, அதற்குள் எண்கள், எண்களின் மேல் ஆடுகிற ஒரு முள். வெளிச்சம் கூடினால் முள் வலப்பக்கம் போகும், குறைந்தால் இடப்பக்கம் வந்து படுத்துக்கொள்ளும். அப்பா கேமராப் பைத்தியம் பிடித்து அலைந்த நாளில் மதுரையில் வாங்கியது. கேமரா ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மீட்டர் மட்டும் அப்பாவின் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

அது தோட்டத்துக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். போடிமெட்டுக்குக் கீழே மலைச்சரிவில் எங்களுக்கு ஏலத்தோட்டம். பாதைக்கு மேலே இருப்பது மேல்காடு, பாதைக்குக் கீழே கீழ்காடு. ஏலச்செடி ஒரு வீம்பு பிடித்த செடி. வெயில் நேராக அடித்தால் இலை கருகும், ஒரேயடியாக இருட்டாக இருந்தால் மழையில் தண்டு அழுகும். மரத்தடியில், சல்லடையில் சலித்த மாதிரி விழுகிற வெயிலில்தான் அது காய்க்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் தென்மேற்கு மழைக்கு முன்னால் மரங்களின் கிளைகளைக் கழித்து நிழலைச் சரிசெய்வார்கள். கவாத்து என்று சொல்வோம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும் வரும். ஒரு கிளையை இறக்கிவிட்டு, "அய்யோ, கூடிப்போச்சே" என்றால் அந்தக் கிளை திரும்ப வளர்ந்து நிழல் தர எத்தனை வருஷம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் கீழ்காட்டில் காய் கொள்ளாமல் கிடந்தது. தரையோடு படர்ந்த சரங்களில் மண் தெரியாத அளவுக்குக் காய். அப்பா உச்சி வெயில் நேரத்தில் அங்கே போய், செடி உயரத்துக்கு மீட்டரைப் பிடித்து வானத்தைப் பார்க்கக் காட்டினார். இங்கே ஓரிடம், அங்கே ஓரிடம் என்று சுற்றி வந்தார். முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. அப்போது நான் கல்யாணம் ஆகாமல் வீட்டில் இருந்தேன். என் நகப்பூச்சு பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். தீக்குச்சி நுனியால் தொட்டு, முள் நின்ற இடத்தில் கண்ணாடி மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கவாத்து என்றால் அந்தக் கோடு பார்த்துத்தான். முள் கோட்டுக்கு இடப்பக்கம் நின்றால் இன்னும் கழி. கோட்டில் வந்து நின்றால் மரத்தைவிட்டு இறங்கு. மரம் ஏறுகிறவர்கள்கூட மேலே இருந்துகொண்டு, "கோடு வந்திருச்சா மொதலாளி?" என்று கேட்பார்கள்.

நகப்பூச்சு என்னுடையது. அதோடு என் பங்கு முடிந்தது. மீட்டரை என் கையில் அப்பா ஒரு நாளும் கொடுத்ததில்லை. "கீழ போட்ருவ" என்பார். நான் கல்லூரியில் பௌதிக லேப்பில் வேலைக்குச் சேர்ந்து, அதைவிட நுணுக்கமான கருவிகளை நாள் முழுக்கக் கையாள ஆரம்பித்த பிறகும் "கீழ போட்ருவ"தான். அப்பாவின் பைக்குள் இருந்து அது நேராக அண்ணன் பைக்குள் போனது.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, "கீழ்காட்ட நீ பாத்துக்கத்தா" என்று அப்பா சொன்னார். கொடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை, பாத்துக்க என்றார். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. பழைய செடிகள் அதற்குள் ஓய்ந்துபோயிருந்தன. நான் தட்டைகளை, அதாவது நடுவதற்கு வேரோடு பிரித்தெடுத்த ஏலத் தண்டுகளை, தேடித் தேடி வாங்கி, பெண்களோடு நானும் குனிந்து நட்டேன். சனிக்கிழமையானால் விடியக் கருக்கலில் காய் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கிக்கொண்டு ஏறிவிடுவேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஒருத்தி மடியில் ஒருத்தி விழுந்து எழுந்து, மேலே போய்ச் சேரும்போது குளிர் முகத்தில் அடிக்கும். வாரத்தில் அந்த ஒரு நாளைக்குத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்லலாம். அந்தச் செடிகள் காய்க்க ஆரம்பித்த வருஷம் அப்பா இறந்தார். கவாத்து மட்டும் இரண்டு காட்டுக்கும் சேர்த்து அண்ணன் பொறுப்பு. ஒரே ஆட்கள், ஒரே மீட்டர். அப்படித்தான் வழக்கம், நானும் கேள்வி கேட்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோடையில், அண்ணன் மீட்டரோடு என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். பிறகு அதை மேசை மேல் வைத்தார்.

"ஏ ஆத்தா, இது கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடுது. தட்டுனா நிக்குது, தட்டலைன்னா படுத்துக்கிருது. ஒன் லேப்புல வச்சுப் பாரு. வெரசாப் பாத்துக் குடு, ஆளுக வந்திருவாக."

எனக்கு உள்ளுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது சந்தோஷம். அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் முறையாக அந்தக் கருவி என் கைக்கு வந்தது. அவர் போன பிறகு கொஞ்ச நேரம் அதைச் சும்மா கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

போனிலேயே வெளிச்சம் அளக்கிற ஆப் இருக்கிறதே என்று இப்போது கேட்கிறார்கள். இருக்கிறது. அதில் அப்பாவின் கோடு இல்லையே.

லேப்பில் பின்மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பேட்டரி உட்காரும் குழியில் ஒரு பட்டன் பேட்டரி இருந்தது. கால்குலேட்டரிலும் விளையாட்டுச் சாமானிலும் போடுகிற சாதாரண பேட்டரி. குழி பெரியது, பேட்டரி சின்னது. ஆடாமல் இருக்கச் சுற்றிலும் செருப்பு ரப்பரில் வெட்டிய ஒரு வளையம். உயரம் பத்தாததற்கு அடியில் சிகரெட் டப்பாவின் வெள்ளித் தாள், மடித்து மடித்து வைத்தது. தாள் கறுத்து அரித்திருந்தது. முள் ஆடியதற்கு அதுதான் காரணம். செருப்பு ரப்பர் அப்பாவின் வேலை என்பது பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கதவு ஆடினாலும் மேசை ஆடினாலும் அவர் செருப்பைத்தான் வெட்டுவார்.

இந்த மாதிரி மீட்டருக்கென்று செய்தது பாதரச பேட்டரி. அது விஷம் என்று உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். அதன் அழுத்தம் ஒன்று புள்ளி மூன்று ஐந்து வோல்ட், சாகும்வரை அதிலேயே நிற்கும். சாதாரண பேட்டரி புதிதாக இருக்கும்போது ஒன்றரை வோல்ட். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் முள்ளைத் தள்ளுவது அந்த அழுத்தம். அழுத்தம் கூடினால் முள்ளும் அதிகமாகத் தள்ளப்படும், இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்லவில்லை. லேப்பில் இருக்கிற யாருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

பஜாரில் வாட்சுக் கடைக்காரரிடம் போனேன். கைக்கடிகாரத்துக்குப் போடுகிற வெள்ளி ஆக்சைடு பேட்டரி வேண்டும் என்றேன். அழுத்தம் இறங்காமல் ஒரே சீராகக் கொடுப்பது அதுதான். மீட்டரைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா வருசா வருசம் கோடையில வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போவாகல்ல. சாதா பேட்டரியே குடுப்பான்னுவாக. ஒரிஜினல் வர்றது நின்னு எத்தன காலமாச்சு. அப்புறம் அண்ணனும் அதேதான் வாங்குவாரு."

அப்போது எனக்கு அது ஒரு பேச்சாகத்தான் பட்டது. பேட்டரியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பித்தளை வாஷர் ஒன்றை அரத்தால் ராவி, குழிக்குச் சரியாக உட்காரும்படி செய்தேன். அழுத்தத்தைக் குறைக்க ஒரு டயோடு. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. மின்சாரம் அதற்குள் போய் வெளியே வரும்போது அழுத்தத்தில் கொஞ்சத்தை அது தின்றுவிடும். எல்லா டயோடும் ஒரே அளவாகத் தின்னாது. கொஞ்சமாகத் தின்கிற வகையை எடுத்து, பல மணிகளைச் சோதித்து, ஏறக்குறைய பாதரச பேட்டரியின் அழுத்தத்துக்கே கொண்டுவருகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து சால்டர் வைத்தேன். மூடியை மூடி, லேப்பின் லக்ஸ் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்து விளக்கைப் போட்டேன். இரண்டும் ஒன்றையே சொல்லின. விளக்கைத் தள்ளி வைத்தேன், அப்போதும் ஒன்றையே சொல்லின. அப்பாவின் மீட்டர் உண்மை பேசுகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகவே சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு சனிக்கிழமை வரைக்கும்தான். அண்ணனிடம் கொடுப்பதற்கு முன்னால் தோட்டத்தில் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று கையோடு கொண்டுபோயிருந்தேன். கீழ்காட்டில் உச்சி வெயிலில் செடிக்கு மேல் பிடித்தேன். முள் சிவப்புக் கோட்டுக்கு ரொம்ப இடப்பக்கம், இருட்டுப் பக்கம், நின்றது. எனக்குப் புரியவில்லை. முந்தின வருஷம்தான் ஒழுங்காகக் கவாத்துப் பண்ணிய காடு. நல்ல காய் கொடுத்த காடு. மரம் ஒரே வருஷத்தில் அவ்வளவா அடைத்துக்கொள்ளும்? பிறகு வாட்சுக் கடைக்காரர் சொன்னது மண்டையில் ஏறியது. வேலை செய்த பையில் பழைய சாமான் எல்லாம் இருந்தது. கல்லில் உட்கார்ந்து என் வாஷரையும் டயோடையும் கழற்றினேன். செருப்பு ரப்பரைச் சுற்றி, புதுசாக ஒரு வெள்ளித் தாளை மடித்து வைத்து, ஒரு சாதா பேட்டரியைப் போட்டேன். முள் எழுந்து போய்ச் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது.

ஆக, அந்தக் கோடே சாதா பேட்டரியில் போட்ட கோடு. அப்பா அந்த நல்ல வருஷத்தில் அளந்தபோதே மீட்டர் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பொய் முள்ளைப் பார்த்துப் போட்ட கோடு, பிறகு வருஷா வருஷம் அதே பொய் முள்ளோடு ஒத்துப்போனது. ஒரு குறையும் இல்லாமல் வேலை நடந்தது. நான் முள்ளைத் திருத்தியதும் கோடு தப்பாகிவிட்டது. இனி முள் அந்தக் கோட்டுக்கு வர வேண்டுமென்றால் வெளிச்சம் கிட்டத்தட்ட இன்னொரு பங்கு வேண்டும். அதாவது இருக்கிற நிழலில் பாதி போக வேண்டும்.

பதறவில்லை. இது திருத்தக்கூடிய விஷயம். டயோடைத் திரும்பப் போட்டு, முள் எங்கே நிற்கிறதென்று பார்த்து, அந்த இடத்தில் புதுக் கோடு போட்டேன். எழுத்தை அழிக்கிற வெள்ளை மை கைப்பையில் இருந்தது, அதைக்கொண்டு போட்டேன். அப்பாவின் சிவப்புக் கோட்டை நான் தொடவில்லை. இப்போது கண்ணாடியில் இரண்டு கோடுகள்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள். கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரியை எடுத்துக் காட்டினேன், மாற்றிப் போட்டுக் காட்டினேன், ஜன்னல் வெளிச்சத்தில் முள் இரண்டு இடத்தில் நிற்பதைக் காட்டினேன். அண்ணன் கவனமாகக் கேட்டார். அப்புறம் ஒரு வக்கீல் மாதிரி ஆரம்பித்தார்.

"இப்ப மீட்டர் சரியாக் காட்டுதா?"

"சரியாக் காட்டுது."

"முன்ன காட்டுனது?"

"அது தப்பு அண்ணே. ஆனா..."

"இரு. சிவப்புக் கோடு யாரு போட்டது?"

"அப்பா போட்டது."

"மீட்டரு சரி. கோடு அப்பா போட்டது. அப்புறம் என்னத்தா ஒனக்குப் பிரச்சன?"

"அப்பா கோடு போட்டப்ப மீட்டரு தப்பாக் காட்டுச்சு அண்ணே. அந்தத் தப்புக்குத்தான் அந்தக் கோடு பொருந்தும்."

அம்மா பூவிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒங்கப்பா தப்புங்கிறியா?"

"பேட்டரி தப்புங்கிறேம்மா."

"அந்த மனுசன் கோடு போட்டு எத்தன வருசம் காய் எடுத்தோம். நீ நேத்து ஒரு கம்பிய வச்சு ஒட்டிட்டு வந்து, அவரு கோடு தப்புங்கிற. செத்தவர இன்னைக்கு வந்து திருத்தப் போறியாக்கும்."

அப்பா போட்ட கோடு வேலை செய்ததை நான் மறுக்கவில்லை. அது வேலை செய்ய வேண்டுமானால் அவர் வைத்த செருப்பு ரப்பரையும் சேர்த்து வையுங்கள் என்றுதான் சொன்னேன். அல்லது என் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். இரண்டில் ஒன்று. அவர் கோட்டையும் என் பேட்டரியையும் கலக்காதீர்கள் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அது அந்தக் கூடத்தில் எடுபடவில்லை. அப்பா உண்மை, மீட்டரும் உண்மை, இரண்டு உண்மையைச் சேர்த்தால் எப்படிப் பொய் வரும் என்பது அண்ணன் கணக்கு. எனக்கும் சில நேரம் தோன்றும், அது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

"அப்ப பழைய பேட்டரியையே போட்டுத் தந்திர்றேன். பழையபடியே பாத்துக்கங்க" என்றேன்.

"தப்புன்னு தெரிஞ்சே போடச் சொல்றியா? சரியாக்கித்தான குடுத்திருக்க. இருக்கட்டும்" என்று மீட்டரை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் என் வெள்ளைக் கோட்டைச் சுரண்டினார். மை பொடியாக உதிர்ந்தது. வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு, "ரெண்டு கோடு இருந்தா ஆளுக கொழம்பிருவாங்க" என்றார். அம்மா மறுபடியும் பூவைக் கட்ட ஆரம்பித்தாள். நான் அன்று அங்கே சாப்பிடாமல் வந்தேன். அதையும் பிறகு ஒரு குற்றமாகச் சொன்னார்கள்.

கவாத்துக்கு ஆட்கள் வந்த அன்று லீவு போட்டுவிட்டு நானும் மலைக்குப் போனேன். வழக்கப்படி கீழ்காட்டில்தான் முதலில் ஆரம்பிப்பார்கள். ஆயினி மரங்களும் சந்தன வேம்பும் நிற்கிற சரிவு அது. மரம் ஏறுகிறவர் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு சரசரவென்று ஏறினார். சிறு கிளைகள் விழுந்தன. அண்ணன் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் வரல."

இன்னும் சில கிளைகள் விழுந்தன. செடிகளின் மேல் விழுந்துவிடாமல் கயிறு கட்டி இறக்கினார்கள். நல்ல ஆட்கள், கவனமாகத்தான் வேலை செய்தார்கள். அண்ணன் மறுபடி பிடித்தார். "இன்னும் வரல." அடுத்த மரம். பெரிய கிளை ஒன்று இறங்கியது. வழக்கமாக இந்த அளவோடு, "கோடு வந்திருச்சு, எறங்குங்கப்பா" என்று கேட்கும். மரத்தின் மேலிருந்தவர் கீழே பார்த்தார்.

"மொதலாளி, ஆகாசம் தெரியுதே. போதாதா?"

"முள்ளு இன்னும் கோட்டுக்கு வரலையே. எறக்குங்க."

நான் போய் அண்ணன் கையைப் பிடித்தேன். "இது என் காடு அண்ணே. நிறுத்தச் சொல்லுங்க."

"ஒன் காடா? கவாத்துல பொம்பளைக்கு என்ன சோலி? கையப் பிடிச்சுக்கிட்டு நிக்காத, ஆளுக சிரிக்கிறாங்க."

ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியும், நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். மரத்தின் மேலிருந்தவர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். கூலி கொடுக்கிறவர் அண்ணன். மேலே இருந்தவர் அரிவாளை எடுத்துக்கொண்டார்.

பிறகு நான் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் டயோடு வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளை இறங்க இறங்க முள் ஒரு மயிரிழை நகரும், அவ்வளவுதான். ஒரு துளி கூட்டாமல், ஒரு துளி குறைக்காமல், இருக்கிற வெளிச்சத்தை அப்படியே சொல்லியது. அது கொஞ்சம் பொய் சொல்லித் தொலைக்காதா என்று மனதுக்குள் கெஞ்சினேன். மரங்கள் மொட்டையாகி, கம்பம் நட்டதுபோல் நின்ற பிறகுதான் அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "கோடு வந்திருச்சு."

எனக்கு ஆறாத விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது. அண்ணன் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண் கூசி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மீட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு பாதையேறி மேல்காட்டுக்குப் போனபோது, அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இங்க மீட்டர் வேணாம்ப்பா. கண்ணால பாத்துக்குவோம். சும்மா நுனிய மட்டும் தட்டிவிடுங்க."

அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. மழை வந்திருந்தால்கூடக் கொஞ்சம் தாக்குப் பிடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. வெயில் நாள் முழுக்கச் சரிவில் கிடந்தது. முதலில் இலைகளில் வெள்ளைத் திட்டு வந்தது, பிறகு நுனி காய்ந்தது, பிறகு தட்டைகள் பாதியில் மடிந்து தொங்கின. நான் பச்சை வலை வாங்கிப் பந்தல் போட்டுப் பார்த்தேன். அந்தச் சரிவில் அடிக்கிற காற்றுக்கு அது எந்த மூலைக்கு? சனிக்கிழமை தோறும் போய், காய்ந்ததை வெட்டி எடுத்துப் பாதையோரம் குவித்தேன். ஜீப்பில் வருகிற பெண்கள் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். துக்க வீட்டில் நடந்துகொள்கிற மாதிரி நடந்துகொண்டார்கள். அடுத்த கோடையோடு எல்லாம் முடிந்தது.

மேல்காட்டில் அந்த வருஷமும் காய் எடுத்தார்கள். "அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல. நான் கண்ணால பாத்தேன், பொழச்சுச்சு. மீட்டர நம்புன காடு போயிருச்சு" என்று அண்ணன் காய் உலர்த்துகிற ஸ்டோரில் நின்றுகொண்டு சொன்னாராம். கேட்டவர் என்னிடமே வந்து சொன்னார். கண்ணால் பார்க்கத் தெரிந்த மனிதர், கீழ்காட்டில் அந்தக் கண்ணை எங்கே வைத்திருந்தார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு பிடி இருக்கும். அவர் அப்பாவை மதித்தார், முள்ளை நம்பினார். நான் சொன்னது மட்டும்தான் அவர் காதில் ஏறவில்லை.

அப்பா மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. பேட்டரியை மாற்றிய மனிதர், மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கருவியை ஒரே ஒரு தரம் என் கையில் கொடுத்திருந்தால் நானே திறந்து பார்த்திருப்பேன். இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்குக் கோபப்படாமல் இருக்க வரவில்லை.

இந்த வருஷம் கவாத்துக்கு முன்னால் அண்ணன் மறுபடியும் மீட்டரோடு வந்தார். நான் மலையில், கீழ்காட்டில் இருந்தேன். செடி இல்லாத காட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். சனிக்கிழமை என்றால் கால் தானாக ஜீப்புக்குப் போய்விடுகிறது. உச்சி வெயில். மொட்டையான மரங்களும் பட்டுச் சாய்ந்து, காடு வெட்டவெளியாகக் கிடந்தது. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நீ என்னமோ உள்ள வச்சியே, அத எடுத்துட்டுப் பழையபடி ஆக்கிக் குடு ஆத்தா. மேல்காட்டுக்கு வேணும்."

நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். முதலில் மீட்டரை அப்படியே வானத்தைப் பார்க்கப் பிடித்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்களையெல்லாம் தாண்டி, கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு கல்லில் உட்கார்ந்து டயோடையும் வாஷரையும் கழற்றினேன். அப்பாவின் செருப்பு ரப்பர் இன்னும் என் பையில்தான் இருந்தது. வெள்ளித் தாளை மடித்து வைத்து, சாதா பேட்டரியைப் போட்டு மூடினேன். திரும்பவும் பிடித்துப் பார்த்தேன். முள் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"இப்பச் சரியாக் காட்டுதா?" என்றார்.

"இந்தக் காட்டுல எந்த பேட்டரி போட்டாலும் ஒண்ணுதான் அண்ணே."

நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார். "நல்லதாப் போச்சு" என்றார். மீட்டரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "என்னா வெயிலு அடிக்குது இங்க" என்று சொல்லிக்கொண்டே நிழலுக்காக மேல்காட்டுக்கு ஏறிப் போனார்.